ஒரே அறைதான் இருக்கிறதா? குழந்தைகள் பேசவும் கேட்கவும் அதை மாற்றியமைக்கும் முறை

"வீட்டுல வாய் ஓயாம பேசறானாம், இங்க வந்தா வாயே திறக்கறதில்லைங்க." அங்கன்வாடியிலோ மழலையர் பள்ளியிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்னிடம் அதிகம் சொல்வது இதுதான். பவானி பக்கம் ஒரு சின்ன மழலையர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். சுற்றுவட்டார அங்கன்வாடிகளில் கூப்பிட்டால் அறையை மாற்றியமைக்கவும் போவேன். போன இடங்களில் பெரும்பாலும் குறை பிள்ளைகளிடம் இல்லை, அறையில் இருந்தது. சிமெண்ட் தரை, சிமெண்ட் சுவர், மேலே தகரமோ கான்கிரீட்டோ, ஒரு பக்கம் சமையல், நடுவில் இருபது பிள்ளைகள். இதில் மூன்று வயதுக் குழந்தைக்கு எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழுந்தாலே பெரிய விஷயம்.

பாய், தண்ணீர், கழிப்பறை எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் இரைச்சல், அப்புறம் இடம், அப்புறம்தான் பொருள். பலரும் பொம்மை வாங்குவதில் ஆரம்பிக்கிறார்கள். இரைச்சல் நிறைந்த அறையில் பொம்மை சேரச் சேர இரைச்சல்தான் கூடும்.

1. இரைச்சலைக் குறையுங்கள்

எனக்கு அதிக நாள் பிடித்தது இந்தப் படிதான். நம் காதுக்கு அறையில் ஒரு குறையும் தெரியாது என்பதுதான் காரணம். பெரியவர்களுக்குப் பாதிச் சொல் விழுந்தாலும் மீதியை மனசு நிரப்பிக்கொள்ளும். அந்தச் சொல்லையே இன்னும் கற்றுக்கொள்ளாத குழந்தையால் எதை வைத்து நிரப்ப முடியும்?

அதனால் சோதித்துப் பாருங்கள். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் அறையின் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். தட்டி முடித்த பிறகும் 'ஞொய்' என்று ஒரு ரீங்காரம் நின்றால் அறை எதிரொலிக்கிறது. அடுத்தது, கடைசி வரிசைக் குழந்தை உட்காரும் இடத்தில் தரையில் உட்காருங்கள். ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். ஆயாவை முன்னால் நிற்கவைத்து, வாயைப் புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில் இந்த நாலு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள்: பட்டம், கட்டம், சட்டம், வட்டம். கேட்டதை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள், பிறகு அவர் சொன்ன வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எதிரொலிக்கும் அறையில் 'ட்டம்' மட்டும் நன்றாக விழும், முதல் எழுத்து கரைந்துவிடும். உயிரொலிகளுக்குப் பலம் அதிகம். ப, க, ச போன்ற மெய்யொலிகள் மெல்லியவை, இரைச்சலில் முதலில் அடிபடுபவை அவைதான். ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவதும் பெரும்பாலும் அவைதான்.

ஆள் இல்லாத வகுப்பறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது, ஒலி அடங்க 0.6 நொடிக்கு மேல் ஆகக் கூடாது என்கிறது அமெரிக்கத் தரநிலை. நம் சீலிங் ஃபேன் ஒன்றே அந்த 35-ஐத் தாண்டிவிடும். அந்த அளவை எட்ட வேண்டியதில்லை. நாலு சொல்லும் பிரித்துக் கேட்கிற நிலைக்கு வந்தால் போதும்.

தரையிலிருந்து தொடங்குங்கள். கோரைப்பாய் இதற்கு உதவாது, மெல்லியது. கெட்டியான பருத்தி ஜமக்காளத்தை விரித்து, அடியில் பழைய போர்வையோ சாக்கோ போடுங்கள். நான் எங்கள் ஊர் ஜமக்காளத்தைத்தான் சொல்வேன். கனமாக இருக்கும், துவைக்கலாம், வருஷக்கணக்கில் உழைக்கும். பிளாஸ்டிக் பாய் வேண்டவே வேண்டாம்.

சுவரில் புடவை கட்டும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். இழுத்து ஒட்டினாற்போல் கட்டினால் ஒரு பயனும் இல்லை. சுவரிலிருந்து நாலைந்து விரற்கடை தள்ளி, கொசுவம் வைத்தது போல மடிப்பு மடிப்பாகத் தொங்க வேண்டும். துணியின் கனமும் பின்னால் இருக்கும் காற்றும் சேர்ந்துதான் ஒலியை வாங்கிக்கொள்கின்றன. பருத்திப் புடவை மட்டும் கட்டுங்கள், அதுவும் அடுப்புப் பக்கம் கூடாது. எதிரெதிர் சுவர்களில் ஒன்றை மட்டும் மூடினால்கூட கை தட்டும்போது வித்தியாசம் தெரியும்.

நாற்காலிக் கால்களுக்குப் பழைய சைக்கிள் டியூப் துண்டுகளை மாட்டிவிடுங்கள். தட்டு, டம்ளர் அடுக்கும் பலகையில் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். கதை நேரமும் குக்கர் நேரமும் ஒன்றாக வரக் கூடாது. காலை முதல் வேலையாகக் கதை, அதற்குப் பிறகு அடுப்பு என்று ஆயாவோடு பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.

*சேர்ப்பு:* முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டலாமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம். பார்க்கத்தான் ஸ்டுடியோ மாதிரி இருக்கும். அவை மிக மெல்லியவை, ஒலியைப் பெரிதாக வாங்காது. கரப்பான் குடியேறும், எளிதில் தீப்பிடிக்கும். அதே இடத்தில் ஒரு பழைய மெத்தை விரிப்பைத் தொங்கவிடுங்கள்.

2. இரண்டு பேருக்கு மட்டும் ஒரு இடம்

இருபது பேர் நடுவில் எழுந்து பேச நமக்கே கூச்சமாக இருக்கும். குழந்தைகள் பேச ஆரம்பிப்பது மேஜைக்கடியில், கதவுக்குப் பின்னால், திண்ணை ஓரத்தில். அப்படிப்பட்ட இடத்தை நாமே அமைத்துக் கொடுத்துவிடலாம்.

மேஜையின் மூன்று பக்கமும் புடவையைத் தொங்கவிட்டு, நாலாவது பக்கத்தைத் திறந்து விடுங்கள். திறந்த பக்கம் உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து உள்ளே இருக்கும் பிள்ளை தெரியாவிட்டால் அந்த இடம் சரியில்லை. கயிறு, நாடா எதுவும் குழந்தையின் கைக்கு எட்டும்படித் தொங்கக் கூடாது. உள்ளே ஒரு தலையணை, இரண்டு பொருள், அவ்வளவுதான். மூன்று பேர் போனாலே நிறைந்துவிடும் அளவில் இருப்பது நல்லது. பெரிதாக்கினால் சத்தம் உள்ளே வந்துவிடும்.

வெளியே வேப்பமரம் இருந்தால் இன்னும் வசதி, திறந்த வெளியில் எதிரொலி கிடையாது. அறைக்குள் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை மரத்தடியில் எறும்பைப் பார்த்து நீளமாகப் பேசுவதைப் பல தடவை கேட்டிருக்கிறேன்.

3. பேசியே தீர வேண்டிய ஒரு வேலை

ஒருவரிடம் இல்லாதது இன்னொருவரிடம் இருக்க வேண்டும். இதை மனசில் வைத்துக்கொண்டால் எந்தப் பொருளை வைப்பது என்பது தானாகப் பிடிபடும். ஒரு பெஞ்சு, நாலு டம்ளர், ஒரு ஜக்கு வைத்து டீக்கடை போடுங்கள். ஆனால் டம்ளர் ஒரு பக்கமும் ஜக்கு மறு பக்கமும் இருக்கட்டும். எல்லாம் ஒரே குழந்தையின் கைக்கு வந்துவிட்டால் அது தனியாக ஊற்றி ஊற்றி விளையாடும், பேச்சு வராது. பிரித்து வைத்தால் இப்படி வரும்:

"அண்ணா, ரெண்டு டீங்க."

"சக்கரை போடறதா?"

"பாப்பாவுக்கு வேண்டாங்க. அதுக்குச் சளி."

எனக்கு ரொம்பப் பிடித்த சாதனம் ஹோஸ் போன். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸ் மூன்று நான்கு மீட்டர், எண்ணெய் ஊற்றும் பிளாஸ்டிக் புனல் இரண்டு. புனலின் மூக்கு ஹோஸுக்குள் இறுக்கமாகப் போக வேண்டும். லூசாக இருந்தால் சைக்கிள் டியூபைச் சுற்றிச் செருகுங்கள். ஒரு முனை அறைக்குள், மறுமுனை ஜன்னல் வழியாக வெளியே. நடுவில் வளையமாகத் தொங்காதபடி முழு நீளத்தையும் கிளாம்ப் போட்டுச் சுவரில் பதித்துவிடுங்கள். கழுத்தில் சுற்றிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. தினமும் புனலைச் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள், சளி பரவும். உள்ளே கத்தக் கூடாது என்பதை முதல் நாளே பழக்கிவிடுங்கள், ஊதுகுழல் மாதிரி காதில் அடிக்கும்.

இதில் என்ன விசேஷம் என்றால், பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. "அது வேணும்" என்று கையைக் காட்டி வேலையை முடித்துக்கொள்ள முடியாது. 'செவப்பு வாளி, பெருசு' என்று சொல்லியாக வேண்டும். மறுமுனையில் இருப்பவரும் கூர்ந்து கேட்டால்தான் அந்த வாளியைத் தேடி எடுக்க முடியும். தீப்பெட்டி போன் வேண்டாம். நூலை விறைப்பாகப் பிடிக்க மூன்று வயதுக் கைகளுக்கு வராது.

பட்டனை அமுக்கினால் பாடும், எழுத்துச் சொல்லும் பேட்டரி பொம்மைகளைத் தவிர்த்துவிடுங்கள். அமெரிக்காவில் அன்னா சோசா 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 10 முதல் 16 மாதக் குழந்தைகள் இப்படிப்பட்ட பொம்மைகளோடு விளையாடியபோது, புத்தகத்தோடும் சாதாரணப் பொம்மையோடும் இருந்ததைவிடப் பெற்றோர் குறைவாகப் பேசினார்கள், குழந்தைகளும் புத்தகத்தோடு இருந்ததைவிடக் குறைவாகவே குரல் கொடுத்தார்கள். பொம்மை பேசினால் நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம். பெரிய வகுப்புகளிலும் இதையே பார்க்கிறேன். டிவியில் பாட்டு ஓடவிடுவதும் அப்படித்தான்.

4. சுவர்

சார்ட்டுகளில் பாதியைக் கழற்றுங்கள். மீதி குழந்தையின் கண் உயரத்துக்கு, தரையிலிருந்து இரண்டரை மூன்று அடிக்கு இறங்கட்டும். பெற்றோரிடம் கேட்டுவிட்டு வீட்டுப் படங்கள் இரண்டை மட்டும் ஒட்டுங்கள்: தறியில் உட்கார்ந்திருக்கும் அப்பா, கட்டுத்தறியில் மாடு. வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

5. காதுக்கு வேலை

ஒரே மாதிரி இருக்கும் சின்ன டப்பாக்களில் ஜோடி ஜோடியாக அரிசி, மணல், புளியங்கொட்டை போட்டு வெளியே காகிதம் சுற்றிவிடுங்கள். குலுக்கிப் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். மூடியைப் பசை போட்டு ஒட்டிவிடுங்கள், கொட்டை மூக்குக்குள் போய்விடும்.

1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் முறையில் மௌன விளையாட்டு ஒன்று உண்டு. எல்லோரும் அசையாமல் உட்கார வேண்டும். டீச்சர் கண்ணில் படாத இடத்திலிருந்து ஒவ்வொரு பெயராகக் கிசுகிசுப்பார். பெயர் கேட்ட குழந்தை சத்தமில்லாமல் எழுந்து வர வேண்டும். முதல் படியைச் செய்யாமல் இதைத் தொடங்கினால் யாருக்கும் எதுவும் கேட்காது. இரண்டு நிமிஷத்துக்கு மேல் நீட்டாதீர்கள். கடைசிப் பெயர் வரும்வரை காத்திருப்பது சின்னவர்களுக்குக் கஷ்டம், அவர்களை முதலில் கூப்பிடுங்கள்.

6. நீங்கள்

தரையில் உட்காருங்கள். பிள்ளைக்கு உங்கள் வாய் தெரிய வேண்டும், ஜன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும், முதுகில் அல்ல.

கேள்வி கேட்டதும் பதிலுக்குக் காத்திருங்கள். வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, 1970-களில், ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பேசினார்கள். அவர் பார்த்தது பள்ளி மாணவர்களை. மூன்று வயதுக்கு நான் இன்னும் கூட்டிக் கொடுக்கிறேன். முந்தானைக்குள் கையை வைத்து ஐந்து விரலையும் மெதுவாக ஒவ்வொன்றாக மடக்குங்கள். முடிந்த பிறகுதான் அடுத்த வார்த்தை.

"இது ஆடுதானே?" என்று கேட்டால் "ம்" என்று வரும், அதோடு முடிந்தது. "இந்த ஆடு எங்கயோ பாக்குதே…" என்று சொல்லிவிட்டு விரலை மடக்கத் தொடங்குங்கள். "அது… அது குட்டியத் தேடுது டீச்சர்" என்று வரும். "குட்டியத் தேடுதா? எங்க போச்சோ!" என்று அதையே வாங்கித் திருப்பிக் கொடுங்கள். "பலம்" என்று சொல்கிற பிள்ளையை நிறுத்தித் திருத்த வேண்டாம். "ஆமா கண்ணு, பழம் நல்லா இனிக்குதா?" போதும். ழகரம் பல குழந்தைகளுக்கு மெதுவாகத்தான் வரும்.

பிறகு வந்த கேள்விகள்

பெருந்துறை, திருப்பூர் பக்கமிருந்து சிலர் கேட்டது: ஒடியாவோ இந்தியோ பேசும் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், என்ன செய்வது? புது மொழிக்குள் வரும் குழந்தை முதலில் சில மாதங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது சகஜம். வற்புறுத்தாதீர்கள். தண்ணீர், அம்மா, வலி, வா, போதும் என்று தினசரிக்கு வேண்டிய சொற்களை அந்த அம்மாவிடமே கேட்டு நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் தங்கள் மொழியை விட்டுவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். டீக்கடையில் அந்தப் பிள்ளைக்கு முதலில் ஊற்றுகிற வேலை கொடுங்கள், வாய் திறக்காமலே விளையாட்டுக்குள் வந்துவிடும்.

இன்னொன்று, எல்லாம் செய்தும் ஒரு பிள்ளை கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பது. அறையை விட்டுவிட்டு உடனே காதைக் கவனியுங்கள். சளிக்குப் பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டுவது இந்த வயதில் அடிக்கடி நடப்பது. ஒரு வாரம் கேட்கும், ஒரு வாரம் மந்தமாக இருக்கும், அதனால் "வேணும்னே கேக்க மாட்டேங்கறான்" என்ற பழி வந்துவிடுகிறது. 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். செவித்திறனும் பேச்சுத் தாமதமும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலிலேயே இருக்கின்றன. பிள்ளையின் பெயரை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், எந்தெந்த நாளில் கேட்கவில்லை, அப்போது சளி இருந்ததா என்பதையும் சேர்த்து. காதில் சீழ் வடிந்தாலோ வலி என்று அழுதாலோ அந்தக் குழு வரும்வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள்.