கரண்ட் போனாலும் காந்தம் போகாது: எம்ஆர்ஐ வேலைக்கு வர்ற தம்பி தங்கச்சிகளுக்கு

நம்ம ராமநாதபுரம் பக்கம் ஐப்பசி கார்த்திகைல காத்து மழைன்னா மொதல்ல போறது கரண்ட் தான். அப்படி ஒரு ராத்திரி யுபிஎஸ்ஸும் நின்னு கன்சோல் ரூம் பூரா இருட்டு, உள்ள ஒரு பேஷண்ட் படுத்திருக்காரு, வார்டுல இருந்து வந்த அண்ணன் ஒருத்தர் "மிஷின் தான் ஆஃப் ஆயிருச்சே"ன்னு சொல்லிக்கிட்டே ஆக்சிஜன் சிலிண்டர் வச்ச ட்ராலியை கதவு வரைக்கும் தள்ளிட்டு வந்துட்டாரு. குறுக்க போய் மறிச்சேன். இன்னைக்கு நெனச்சாலும் நெஞ்சு படபடங்குது. அவரை குத்தம் சொல்ல முடியாது, அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல, சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவன் நான்.

கரண்ட் போனா காந்தமும் போயிரும்னு நெனைக்கிறது தான் இந்த வேலைல பெரிய தப்பு. உள்ள இருக்கிற நியோபியம் டைட்டானியம் கம்பிச்சுருள் மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்துல முங்கிக் கிடக்கு, அந்த குளிர்ல கம்பிக்கு கரண்டைத் தடுக்கிற ரெசிஸ்டன்ஸே கிடையாது, ஒரு தடவை ஏத்துன கரண்ட் அதுபாட்டுக்கு சுத்திக்கிட்டே இருக்கும். ஈபி லைன் போனாலும், கன்சோலை அணைச்சாலும், ஞாயித்துக்கிழமை பூட்டிட்டுப் போனாலும் அந்த 1.5 டெஸ்லா காந்த பலம் அப்படியே தான் இருக்கு, பூமியோட காந்தத்தை விட சுமார் 30,000 மடங்கு. 2018 ஜனவரில மும்பைல ஒரு ஆஸ்பத்திரில சொந்தக்காரங்களுக்குத் துணையா வந்த 32 வயசு பையன் சிலிண்டரோட உள்ள போய் உயிரை விட்டான். 2025 ஜூலைல நியூயார்க் பக்கம் ஒருத்தர் கழுத்துல போட்டிருந்த எக்சர்சைஸ் சங்கிலியோட இழுபட்டு செத்தாரு. ரெண்டு பேருமே பேஷண்ட் இல்ல, கூட வந்தவங்க. அதனால பேஷண்ட்டை மட்டும் செக் பண்ணிட்டு துணைக்கு வர்றவங்களை அப்படியே உள்ள விடாதீங்க, கூட்டிப் பெருக்க வர்ற அக்கா, ஸ்பேனரோட வர்ற ஏசி மெக்கானிக், எல்லாரும் இதுல சேர்த்தி.

அடுத்த தப்பு, ஃபார்ம்ல அச்சடிச்சதை அப்படியே படிக்கிறது. "உடம்பில் உலோகம் ஏதும் உள்ளதா"ன்னு கேட்டா நம்ம சனம் இல்லன்னு தான் சொல்லும். பொய் சொல்லல, அவங்களுக்கு ஊக்கு ஒரு உலோகமாவே தோணாது. பொருள் பேரைச் சொல்லிக் கேளுங்க: ஆத்தா தாலிக்கொடில ஊக்கு மாட்டியிருக்கியளா, ஜாக்கெட்டுல ஊக்கு இருக்கா, இடுப்புல அரைஞாண், தாயத்து, கால்ல மெட்டி? கீழக்கரை பக்கம் இருந்து லாத்தா (முஸ்லிம் அக்கா) வந்தா தலைத்துணில குத்துற பின்னைக் கேக்கணும், அது எத்தனை இருக்குன்னு அவங்களுக்கே நெனப்பு இருக்காது. ஜரிகைச் சேலையோட படுக்க வைக்காதீங்க, அதுல இருக்கிற உலோக நூல் சூடாகி சுட்டுரும், கவுன் மாத்தச் சொல்லுங்க. தாலியைக் கழட்டச் சொல்றப்ப தான் நெறைய பேர் தடுமாறுறாங்க. தங்கத்தை காந்தம் இழுக்காது, ஆனா கொக்கி, ஊக்கு என்ன உலோகம்னு யாருக்குத் தெரியும், கழுத்து ஸ்கேன்னா படமும் கெட்டுப்போகும். அதட்டாதீங்க. மஞ்சக்கயித்துல ஒரு துண்டு மஞ்சள் கட்டி கழுத்துல போட்டுவிட்டா மனசு சமாதானமாகி அவங்களே கழட்டிக் கொடுத்துருவாங்க. நான் மேஜை டிராயர்ல மஞ்சக்கயிறு எப்பவும் வச்சிருக்கேன்.

மீன்பிடிக்கிற அண்ணன்மார் வந்தா கேக்குற கேள்வியே வேற. போட்டுல வெல்டிங், கிரைண்டிங் பண்ணியிருக்கியளாண்ணே, கண்ணுல எப்பவாச்சும் பொறி தெறிச்சிருக்கான்னு கேட்டே ஆகணும், இரும்புத்துகள் கண்ணுக்குள்ள தங்கியிருந்து காந்தத்துல நகர்ந்தா பார்வையே போயிரும், சந்தேகம்னா மொதல்ல கண்ணு எக்ஸ்ரே. பழைய ஆளுங்க சில பேருக்கு கடல்ல நடந்த துப்பாக்கிச்சூட்டுல பட்ட குண்டுத்துகள் இன்னும் உடம்புல இருக்கு, அதை அவங்களா சொல்ல மாட்டாங்க, மெதுவா கேட்டா சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுவாங்க. அப்புறம் பேஸ்மேக்கர், மூளைல போட்ட கிளிப், காது கேக்க உள்ள வச்ச காக்ளியர் இம்ப்ளான்ட்: கார்டோ டிஸ்சார்ஜ் பேப்பரோ பார்த்து எந்த மாடல்னு தெரியாம உள்ள விடக்கூடாது, "டாக்டர் பரவாயில்லன்னாரு"ங்கிற வாய்வார்த்தை செல்லாது.

படுக்க வைக்கிறப்ப கையைக் கோத்துக்க விடாதீங்க, ரெண்டு தொடையும் ஒட்டிக்கிட்டு இருக்கக்கூடாது, நடுவுல பேட் வைக்கணும், இல்லன்னா உடம்பே ஒரு வளையமாகி கரண்ட் ஓடி தோல் வெந்துரும். படம் எடுக்க உடம்பு மேல வைக்கிற காயிலோட வயரும் சுருண்டு கிடக்கக்கூடாது. காதுக்கு பஞ்சு பத்தாது, சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், இயர்ப்ளக் ஒழுங்கா வச்சுவிடுங்க. நம்மளைக் கூப்பிட அமுக்குற ரப்பர் பல்பை கைல கொடுத்து ஒரு தடவை அமுக்கச் சொல்லிப் பாருங்க.

பேஷண்ட்டுக்கு திடீர்னு மூச்சுமுட்டினா குவென்ச் பட்டன், அதாவது ஹீலியத்தை வெளியேத்தி காந்தத்தையே எறக்குற பட்டன் பக்கம் ஓடுறது இன்னொரு தப்பு. குவென்ச் பண்ணா ஹீலியம் கொதிச்சு லிட்டருக்கு 700 லிட்டர் போல வாயுவாகும், குழாய் வழியா வெளிய போகலன்னா ரூம்ல ஆக்சிஜனே இருக்காது, காந்தம் எறங்கவும் நேரம் எடுக்கும். ஆளை டேபிளோட வெளிய இழுத்து, ரூமை விட்டே கொண்டுபோய் அங்க தான் சிபிஆர், எமர்ஜென்சி ட்ராலி உள்ள வரவே கூடாது. யாராச்சும் ஒருத்தர் இரும்புக்கும் மிஷினுக்கும் நடுவுல சிக்கிட்டாங்கன்னா அப்ப குவென்சை அமுக்குங்க, காசைப் பத்தி யோசிக்காதீங்க. பக்கத்துல இருக்கிற எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் கரண்டை மட்டும் தான் நிறுத்தும், காந்தத்தை ஒண்ணும் பண்ணாது, ரெண்டையும் குழப்பிக்கிறவங்க நெறைய.

ஸ்கேன்ல தப்புன்னா, தலை முன்னாடியா கால் முன்னாடியான்னு கம்ப்யூட்டர்ல மாத்திப் போடுறது. அப்படிப் போட்டா படத்துல இடது வலதே மாறிரும், வலது கால் வலிக்கு ரிப்போர்ட் இடதுன்னு வரும். முதுகுல எலும்பு எண்ணுறப்ப கீழ இருந்து மட்டும் எண்ணாதீங்க, சில பேருக்கு இடுப்புல அஞ்சாவது எலும்பு கீழ இருக்கிற சேக்ரம் எலும்போட ஒட்டியிருக்கும், கழுத்துல இருந்து ஒரு பெரிய லோக்கலைசர் (இடம் பார்க்க மொதல்ல எடுக்கிற படம்) எடுத்து எண்ணி வச்சா டாக்டருக்கு கை தப்பாது. வெயிட்டை குத்துமதிப்பா போடாதீங்க, எவ்வளவு சூடு உடம்புல எறங்குதுன்னு மிஷின் அதை வச்சுத்தான் கணக்குப் போடுது. படம் தெளிவா வர போடுற கான்ட்ராஸ்ட் ஊசிக்கு முன்னாடி கிட்னி எப்படி இருக்குன்னு சொல்ற கிரியேட்டினின் ரிப்போர்ட்டைப் பாருங்க.

நம்ம கடற்கரைக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு, உப்புக்காத்து. மிஷினுக்கு குளிர்ந்த தண்ணி அனுப்புற சில்லரோட வெளி யூனிட்டை அது அரிச்சுத் தின்னுரும், சில்லர் நின்னா ஹீலியத்தைக் குளிரா வச்சிருக்கிற கம்ப்ரஸர் நிக்கும், கம்ப்ரஸர் நின்னா ஹீலியம் கொறைய ஆரம்பிக்கும். காலைல வந்ததும் காந்தத்தைக் குளிர வைக்கிற அந்த 'சிக் சிக்'னு வர்ற சத்தம் கேக்குதா, ஹீலியம் லெவல் என்ன, ரூம் ஈரப்பதம் என்னன்னு நோட்டுல எழுதிட்டு அப்புறம் டீ குடிக்கப் போங்க. சத்தம் நின்னிருந்தா சாயங்காலம் பார்த்துக்கலாம்னு விடாம உடனே சர்வீஸ் எஞ்சினியருக்கு போன் போடுங்க, அந்த நம்பர் செல்போன்ல மட்டும் இல்லாம சுவத்துலயும் ஒட்டியிருக்கட்டும், ராத்திரி டூட்டிக்கு வர்ற தம்பிக்கும் தெரியணும்.