மேலே போகாதீர்கள்: வெளிநாட்டுக் கடலுக்கு ஆய்வுக்குக் கிளம்பும் மாணவர்களுக்கு

போன வாரம் அல்சூர் ஏரிக்கரையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த மாதம் தாய்லாந்துக்குப் பவளப்பாறை ஆய்வுக்குப் போகவிருக்கும் முதுகலை மாணவி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, சுறா வந்தால் என்ன செய்வது?"

பெங்களூரிலிருந்து கடலுக்குப் போகும் எல்லாப் பிள்ளைகளும் இதைத்தான் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் நானும் கேட்டேன். பவளத்திட்டுகளில் திரியும் கருந்துடுப்புச் சுறாவுக்கு நம் மூச்சுக் குமிழிகளின் சத்தமே பிடிக்காது. பெரும்பாலும் விலகிப் போய்விடும். என்னைத் துரத்தியது ஒரு கிளாத்தி மீன், ஆங்கிலத்தில் ட்ரிகர்ஃபிஷ்.

மருந்துப் பெட்டி, சன்ஸ்க்ரீன், முகக்கண்ணாடி பனிக்காமலிருக்க எச்சில் தடவுவது பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. முதல் நாளே எவராவது சொல்லிவிடுவார்கள். கீழே இருப்பவை அவர்கள் சொல்லாமல் விடும் தவறுகள்.

சுற்றுலா விசாவில் ஆய்வு

"பத்து நாள்தானே, எவர் கேட்கப் போகிறார்கள்?" என்பார்கள். தாய்லாந்தில் வெளிநாட்டு ஆய்வாளர் அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திடம் அனுமதி பெற வேண்டும். கடினப் பவளங்கள், காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. விரல் நீளத் துண்டை நாட்டுக்கு வெளியே எடுத்துப் போவதற்கும் அனுமதித் தாள் வேண்டும். அனுமதி வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால், விமான டிக்கெட்டுக்கு முன்பே விண்ணப்பத்தைப் போடுங்கள்.

பயந்ததும் மேலே போவது

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நம் ஊரில் கடல் கிடையாது. ஸ்கூபாவை நீச்சல்குளத்தில் கற்றுக்கொள்கிறோம். மூக்கில் தண்ணீர் ஏறினாலும், மூச்சுக்காகக் கடித்திருக்கும் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவினாலும், தரையில் காலை ஊன்றி ஓர் உந்து உந்தினால் தலை வெளியே வந்துவிடும். இருபது முறை இப்படிச் செய்த உடம்பு, ஆபத்து என்றால் மேலே போ என்று மனப்பாடம் செய்துகொள்கிறது. அந்தப் பாடம் கடலில் ஆளைக் கவிழ்க்கும்.

தாய்லாந்தின் கோ தாவ் தீவில் என் முதல் களப்பணி. பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் ஐம்பது மீட்டர் அளவு நாடாவை விரித்து, அதன் அடியில் என்னென்ன பவளம் என்று சிலேட்டில் பென்சிலால் குறிக்க வேண்டும். இறங்குவதற்கு முன் படகுக்கார அண்ணன் என்னைப் பார்த்து, ஆள்காட்டி விரலை நீட்டி, கட்டை விரலை மடக்கி மடக்கிக் காட்டினார். துப்பாக்கி. விளையாடுகிறார் என்று நினைத்து நானும் திருப்பிச் சுட்டேன். அவர் சிரிக்கவில்லை. கிளாத்திக்கு முக்குளிப்பவர்கள் வைத்திருக்கும் சைகை அது என்று தெரிந்துகொள்ள எனக்கு நாற்பது நிமிடம் பிடித்தது.

கிளாத்தியின் முதுகில் முதல் முள் நிமிர்ந்ததும், அதற்குப் பின்னாலுள்ள சிறு முள் அதைப் பூட்டிவிடும். சின்ன முள்ளை அழுத்தினால்தான் பெரிய முள் மடங்கும். ஆங்கிலத்தில் துப்பாக்கி விசையை (ட்ரிகர்) வைத்துப் பெயர் வந்தது அதனால்தான். என்னைத் துரத்தியது டைட்டன் என்ற பெரிய இனம், 75 செ.மீ. வரை வளரும். கடல்முள்ளெலியின் ஓட்டையும் பவளத்தையும் கடித்து நொறுக்குகிற பற்கள். மற்ற நாளில் தன் பாட்டுக்கு மேயும் மீன், மணலில் குழி பறித்து முட்டையிட்டதும் ஆளே மாறிவிடும்.

நாடாவின் முப்பதாவது மீட்டரில் அது எதிரே நின்றது. முதுகு முள் விறைத்திருந்தது. உடம்பை ஒருக்களித்து ஒற்றைக் கண்ணால், கடன் கொடுத்தவர் பார்ப்பது போலப் பார்த்தது. நான் மேலே உதைத்தேன். அது பின்னாலேயே வந்தது. இன்னும் வேகமாக உதைத்தேன். இன்னும் வேகமாக வந்தது.

அது காக்கும் எல்லை புனல் வடிவில் இருக்கும்: நுனி கூட்டில், விரிந்த வாய் மேலே நீர்மட்டத்தை நோக்கி. ஆக, மேலே போகப் போக நான் அதன் வீட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தேன். செய்ய வேண்டியது என்னவென்றால், மீனை விட்டுக் கண்ணை எடுக்காமல், காலில் மாட்டிய ஃபின்கள் (நீந்தும் துடுப்புகள்) நமக்கும் அதற்கும் நடுவில் இருக்கும்படி மல்லாந்து, தரையை ஒட்டிப் பக்கவாட்டில் நகர்ந்துவிட வேண்டும். சில மீட்டர் விலகியதும் பெரும்பாலும் அதுவே திரும்பிவிடும். என் இடது ஃபினின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டு இல்லை. அது இன்னும் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது.

கடி பெரிய விஷயமே இல்லை. நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மிகாமல் ஏறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வர வேண்டிய தூரத்தை அரை நிமிடத்துக்குள் ஏறிவிட்டேன். கையிலிருந்த டைவ் கம்ப்யூட்டர் கத்திக்கொண்டே வந்தது. பன்னிரண்டு மீட்டரில் அழுத்தம் 2.2 வளிமண்டலம், அங்கே நெஞ்சு நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் அந்தக் காற்று இரு மடங்குக்கும் மேல் விரியும், நுரையீரல் கிழியும். நான் ரெகுலேட்டருக்குள் "அம்மா" என்று அலறிக்கொண்டே ஏறியதால் காற்று வெளியேறிவிட்டது. பிழைத்தது அந்த அலறலால்தான். பயிற்சிக்கு அதில் பங்கில்லை.

என்னுடன் ஜோடியாக இறங்கிய தோழியை அடியிலேயே விட்டுவிட்டு வந்தேன் என்பது படகில் ஆக்சிஜன் முகமூடியை மாட்டிய பிறகுதான் உறைத்தது. அவள் என்னைத் தேடிவிட்டு, ஒழுங்காக நின்று நிதானித்து ஏறி வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த இரண்டு நாள் என்னைத் தண்ணீரில் இறங்கவிடவில்லை. பிறகு காற்று மாறி, படகே கிளம்பவில்லை. பன்னிரண்டு நாடாக் கோடுகள் அளக்கப் போனவள் ஏழோடு திரும்பினேன். ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாக வேண்டியது பின்னிணைப்பில் ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கியது. இத்தனைக்கும் கரையில் ஒரே ஒரு கேள்வி, "அந்த விரல் சைகைக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டிருந்தால் போதும். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

குளத்தில் பயிற்சி எடுக்கும்போதே, பயந்தால் பக்கவாட்டில் போவதைப் பழகுங்கள். பயிற்றுநர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

பதிவேட்டில் "இயல்பாக ஏறினேன்" என்று எழுதுவது

வேகமாக ஏறியதை மறைத்த ஒரு பையனைத் தெரியும். மாலையில் தோள்மூட்டு வலித்ததும், விரல் நுனிகள் மரத்ததும் மூட்டை தூக்கியதால் என்று நினைத்துக்கொண்டான். வேகமாக ஏறும்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாவதால் வரும் அழுத்தக் குறைவு நோய் அப்படித்தான் தொடங்கும், சில மணி நேரம் கழித்துக்கூட. உண்மையை எழுதினால் இரண்டு டைவ் போகும், அவ்வளவுதான்.

கடைசி நாளும் ஒரு டைவ்

பல நாள் தொடர்ந்து இறங்கியவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நாளில் சிலேட்டைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

சாதாரணப் பயணக் காப்பீடு

ஸ்கூபாவும், அழுத்தக் குறைவு நோய்க்கான அழுத்த அறைச் சிகிச்சையும் அதில் உண்டா என்று படித்துப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

மீன் துரத்தும் வீடியோவை அம்மாவுக்கு அனுப்புவது

ஊர் திரும்பிய பிறகு.