கம்பஸை மறுபடி திறக்கும் வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால்: கொழும்பிலிருந்து ஒரு செய்முறை

எங்கள் நிறுவனம் வெள்ளவத்தைப் பக்கம். மூன்று மாடி, ஒரே படிக்கட்டு, ஏசி போட்ட விரிவுரை அறைகள், பின்னால் ஒரு சின்ன முற்றம். 2021 ஒக்டோபர் முதலாம் திகதி கொவிட் ஊரடங்கு நீங்கிய பிறகு பிள்ளைகளை நேரில் எடுக்கலாம் என்று ஆனதும் ஏற்பாடுகள் என்னிடம் வந்து சேர்ந்தன. இப்போது வகுப்புகள் ஓடுகின்றன. இதே வேலையைத் தலையில் சுமக்கும் வேறு இடத்து ஆட்கள் கேட்டதால் எழுதுகிறேன். கை கழுவுவது, மாஸ்க் போடுவது பற்றியெல்லாம் இதில் இல்லை. அந்தப் போஸ்டர்களை இரண்டு வருஷமாகப் பார்த்துச் சலித்திருப்பீர்கள்.

தொடங்குமுன் ஒன்று. கொழும்பில் நான் பார்த்த திறப்புத் திட்டங்களில் பாதிக் காசு வாசலிலேயே முடிந்துவிடுகிறது: வெப்பமானித் துப்பாக்கி, கால் நனைக்கும் பாய், மருந்து விசிறும் சுரங்கம். ஆட்கள் மேல் மருந்து விசிற வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லிவிட்டது. மேசை கதவு தொட்டுத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. நெற்றியில் பிடிக்கும் துப்பாக்கி வெயிலில் நடந்து வந்தவனை மறிக்கும், பனடோல் போட்டு வந்தவனை உள்ளே விடும். காசை அறைக்குள் போடுங்கள்.

படி 1: குழுப் பிரிப்பு

50 வீதம் பேர் ஒரு கிழமை, மற்ற 50 வீதம் அடுத்த கிழமை என்றால் எல்லோரும் மாணவர் சுட்டெண்ணைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். ஒற்றை எண் ஒரு பக்கம், இரட்டை எண் மறுபக்கம். கொழும்பில் இது வேலை செய்யாது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் என்று வெளியூரிலிருந்து வருகிற பிள்ளைகள் போடிங்கில் (வாடகைக்குத் தங்கும் வீட்டில்) ஓர் அறையில் மூன்று நாலு பேராக இருக்கிறார்கள். ஒரே அறையில் படுப்பவர்களை இரண்டு குழுவிலும் போட்டால் உங்கள் இரண்டு குழுவும் இரவில் ஒன்றாகிவிடும். ஆகவே முதலில் யார் யாரோடு தங்குகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். போடிங்கைப் பார்த்துக் குழு, பிறகுதான் சுட்டெண்.

சுழற்சிக்கு எங்களுக்குப் பிடித்தது, இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஊரி அலோன் குழுவினர் 2020இல் முன்வைத்த கணக்கு: நாலு நாள் வா, பத்து நாள் வீட்டில் இரு. தொற்று உடம்பில் ஏறி மற்றவருக்குப் பரவத் தொடங்கச் சராசரியாக மூன்று நாள் எடுக்கும். அதற்குள் அந்தப் பிள்ளையின் வகுப்பு நாட்கள் முடிந்துவிடும், பரவும் நாட்களில் பெரும்பாலானவை போடிங்கிலேயே கழியும். செய்முறை வகுப்புகளை அந்த நாலு நாளுக்குள் அடுக்குங்கள், மற்றவை ஸூமில் போகட்டும்.

படி 2: காற்று

இந்தப் பதிவை எழுதியதே இந்தப் படிக்காகத்தான்.

சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. இருக்கிற காற்றையே உறிஞ்சிக் குளிராக்கித் திரும்ப விடும். வெளியே தொங்கும் பெட்டியைப் பார்த்து, அங்கிருந்து காற்று வருகிறது என்றே எங்கள் நிர்வாகத்தில் பலர் நம்பியிருந்தார்கள். ஏசி மெக்கானிக்கை வைத்து விளக்கிய பிறகும் ஒருவர், “அப்ப அந்தப் பைப்பில என்ன போகுது?” என்று கேட்டார். குளிர்விக்கும் வாயு போகிறது ஐயா, மூச்சுக் காற்று போகவில்லை. கதவு ஜன்னல் பூட்டி ஏசி போட்ட அறையில் முன்வரிசையில் ஒருவர் இருமினால் கடைசி வரிசை வரை எல்லோருக்கும் பங்கு உண்டு.

வாயால் சொன்னால் யாரும் ஜன்னலைத் திறக்க மாட்டார்கள். எண்ணைக் காட்டுங்கள். அதற்குக் காபனீரொட்சைட்டு மீட்டர் ஒன்று வாங்குங்கள். வெளிக்காற்றில் இந்த வாயு ஏறத்தாழ 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. நாம் விடும் மூச்சில் சுமார் 40,000. அறையில் மீட்டர் 1220 காட்டினால் 800 கூடுதல், அதாவது நீங்கள் இழுக்கும் காற்றில் 2 வீதம் ஏற்கெனவே யாரோ விட்ட மூச்சு. ஐம்பது மூச்சுக்கு ஒரு மூச்சு இன்னொருவருடையது. இந்தக் கணக்கைச் சொன்ன அன்றைக்கு முன்வரிசைப் பிள்ளைகள் தாங்களாகவே எழும்பி ஜன்னலைத் திறந்தார்கள்.

மீட்டர் வாங்கும்போது கவனம். இணையக் கடைகளில் மலிவாக விற்கும் பலவற்றுக்குள் உண்மையான காபனீரொட்சைட்டு உணரியே கிடையாது. வேறு ஆவிகளை மோந்து பார்த்து ஓர் எண்ணை ஊகித்துக் காட்டும். பெட்டியில் என்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் உணரி) என்று போட்டிருக்க வேண்டும். அதையும் நம்பாதீர்கள்: சனிடைசர் பூசிய கையை மீட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். எண் சடாரென்று ஏறினால் போலி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தேறினால் மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் வையுங்கள். 420க்குக் கிட்ட வராவிட்டால் கையேட்டைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். அரானெட்4 என்ற மீட்டர் நல்லது, விலைதான் அழ வைக்கும். ஒன்று போதும், அறை அறையாகக் கொண்டுபோகலாம்.

எங்கள் இரண்டாம் மாடி அறையில் 35 பேர், எல்லாம் பூட்டு, ஏசி 22. அரைமணி நேரம் கடந்து கொஞ்சத்தில் 1900ஐத் தாண்டிவிட்டது. 800க்குக் கீழே வைப்பதுதான் இலக்கு. இப்படிச் செய்தோம்:

முதலில் ஜன்னல்கள் உண்மையிலேயே திறக்கின்றனவா என்று பாருங்கள். எங்களுடையவை ஏசி பூட்டிய காலத்தில் சிலிக்கன் வைத்து ஒட்டப்பட்டிருந்தன. பிளேட்டால் வெட்டி எடுக்க ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது.

பிறகு எதிரெதிர்த் திறப்பு. ஒரு பக்க ஜன்னலை மட்டும் திறந்தால் எண் 1300க்குக் கீழே இறங்க அடம்பிடிக்கும். வெள்ளவத்தையில் பகலில் கடற்காற்று மேற்கிலிருந்து வரும். அந்தப் பக்கத்து ஜன்னல்களைத் திறந்து, கிழக்கு ஜன்னலில் ஒரு பெடஸ்டல் ஃபானை வெளியே பார்த்தபடி வையுங்கள். வெளியே பார்த்தபடி என்பதை இரண்டு தரம் சொல்கிறேன். உள்ளே பார்த்து வைத்தால் பிள்ளைகளுக்குச் சுகமாக இருக்கும், ஆனால் அறைக்குள் இருப்பதையே கலக்கும். வெளியே தள்ளினால்தான் கடல் பக்கத்திலிருந்து புதுக்காற்று இழுபடும். எங்களுக்கு 1900, 760 ஆனது.

ஏசியை நிறுத்த வேண்டியதில்லை. 26இல் விட்டு ஜன்னலை ஒரு சாண் திறந்தபடி ஓடவிட்டோம். கரண்ட் பில்லைக் காட்டி நிர்வாகம் முறைத்தது உண்மை. கால் மணி நேரம் இடைவேளை விட்டு அறையைக் காலியாக்குவதும் நன்றாகவே வேலை செய்கிறது.

படி 3: மாஸ்க், மைக்

பிள்ளைகளுக்குக் கேஎன்95, இல்லாவிட்டால் மூக்குக் கம்பி இறுகப் பிடிக்கும் சேர்ஜிக்கல் மாஸ்க். கொழும்புப் புழுக்கத்தில் துணி மாஸ்க் பத்து மணிக்கே நனைந்துவிடும். முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தட்டு மட்டும் போட்டுக்கொண்டு வருகிறவர்களை மாஸ்க் போடாதவர்களாகவே கணக்கெடுங்கள். விரிவுரையாளர்தான் சிக்கல். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்றதும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கத்துவார். அறையில் அதிகம் பேசுகிறவரே அவர்தான். இடுப்பில் கட்டும் சின்ன ஸ்பீக்கரோடு வரும் கொலர் மைக் ஒன்று வாங்கிக் கொடுங்கள், பிரச்சினை அன்றே தீரும்.

படி 4: தடிமன் விதி

“சேர், லேசான தடிமன்தான். வரட்டா? இன்றைக்கு குவிஸ்.”

இந்த மெசேஜ் உங்களுக்கும் வரும். வராவிட்டால் இன்னும் மோசம், கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்ற விதி இருக்கும்வரை எந்தப் பிள்ளையும் காய்ச்சலைச் சொல்லாது. எனவே திறப்பதற்கு முன்பே நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள்: தடிமன், இருமல், தொண்டை நோவு, காய்ச்சல் என்று காலை ஏழு மணிக்கு முன் மெசேஜ் போட்டால் அன்றைய வரவு வெட்டப்படாது, குவிஸுக்கு இன்னொரு நாள் தரப்படும், வைத்தியச் சான்றிதழ் கேட்கப்படாது. பிள்ளைகள் ஏமாற்றுவார்களே என்று எங்கள் கூட்டத்தில் கேட்டார்கள். ஏமாற்றட்டும். சான்றிதழ் எடுக்கக் காய்ச்சலோடு டிஸ்பென்சரி வரிசையில் நிற்பதைவிட நாலு பேர் பொய் சொல்லி வீட்டில் படுத்திருப்பது மேல்.

இதற்குக் கூகுள் படிவம் வைக்காதீர்கள். மூன்றாம் நாளே கண்ணை மூடிக்கொண்டு ‘இல்லை, இல்லை, இல்லை’ என்று தட்டிவிடுவார்கள். பிள்ளைகள் பயப்படாத ஓர் ஆளின் வாட்ஸ்அப் இலக்கம் போதும். அவர் பீடாதிபதியாக இருக்கக்கூடாது.

பயம் சின்ன விஷயம் இல்லை. இந்த நாட்டில் 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொவிட்டில் இறந்தவர்களை அடக்கம் செய்ய விடவில்லை, எரித்தார்கள். எங்கள் முஸ்லிம் பிள்ளைகளின் வீடுகளில் அந்தக் காலத்துப் பயம் இன்னும் போகவில்லை. பிசிஆர் என்றாலே பேச்சு நின்றுவிடுகிறது. தொற்று வந்தவரின் பெயரை வகுப்புக் குழுவில் போடவே போடாதீர்கள்.

படி 5: சாப்பாடு

மாஸ்க்கும் ஜன்னலும் காலை முழுக்கக் காப்பாற்றியதைப் பன்னிரண்டரை மணிக்குச் சோற்றுப் பார்சல் கவிழ்த்துவிடும். ஒரு வாழையிலை, நாலு கை, எட்டுப் பேரின் சிரிப்பு. ‘பகிர வேண்டாம்’ என்று கன்டீனில் எழுதி ஒட்டிப் பயனில்லை, காசில்லாதவனுக்குக் கூட்டாளிதான் சாப்பாடு போடுகிறான். பார்சல் வாங்கும்போதே இன்னொரு லஞ்ச் சீற் (சோறு கட்டும் தாள்) கேட்டு வாங்கச் சொன்னோம், பிரித்து வைத்துச் சாப்பிடலாம். இடம் முற்றம், குழுவுக்குக் குழு அரை மணி இடைவெளி. தொழுகை அறைக்கும் இதே மாதிரித்தான்: அவரவர் விரிப்பு, ஜன்னல் திறப்பு, குழு குழுவாக.

படி 6: ஒருவருக்கு வந்தால்

வரும். 2020 ஓகஸ்டில் வட கரோலைனாப் பல்கலைக்கழகம் சாப்பல் ஹில்லில் திறந்து ஒரே கிழமையில் இளங்கலை வகுப்புகளை இணையத்துக்கு மாற்றியது. அங்கே கொத்துக் கொத்தாகத் தொற்றுப் பிடிபட்டது மாணவர் விடுதிகளில். எங்களுக்கு அந்த இடம் போடிங்.

அறிகுறி தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து அந்தப் பிள்ளை யாரோடு சாப்பிட்டது, யாரோடு தங்கியது என்று கேளுங்கள். வகுப்பில் எட்டி உட்கார்ந்தவர்களைவிட இவர்கள்தான் முக்கியம். பகுதிப் பிஎச்ஐயின் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரின்) இலக்கத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மூச்சு முட்டினால் 1990 அம்புலன்ஸ், யோசிக்கவே வேண்டாம். அன்டிஜென் சோதனை பொசிட்டிவ் என்றால் நம்புங்கள். அறிகுறியோடு நெகட்டிவ் என்றால் நம்பாமல் அடுத்தடுத்த நாளும் எடுங்கள்.

போடிங் வீட்டுக்கார அன்ரியிடம் முதலே பேசிவிடுங்கள். எனக்கு வந்த அழைப்பு இது: “தம்பி, உங்கட பிள்ளைக்குக் காய்ச்சலாம். இண்டைக்கே ஊருக்கு அனுப்பிவிடுங்கோ.” இரவு பஸ், ஜன்னல் திறக்காத ஏசி, எட்டு மணித்தியாலம். அனுப்பக்கூடிய இடங்களில் அதைவிட மோசமானது இல்லை. “அன்ரி, பஸ்ஸில ஏத்தினா அம்பது பேருக்குப் போகும். மேல் அறையைத் தாங்கோ, சாப்பாடு நாங்கள் வாசலில கொண்டுவந்து வைக்கிறம், வாடகையும் தாறம்” என்றேன். வாடகை என்றதும் குரல் இளகியது. அப்படி ஓர் அறைக்கு மாதாமாதம் கொஞ்சக் காசு ஒதுக்குங்கள். வாசலில் சுரங்கம் கட்டும் காசில் இது தாராளமாக முடியும்.

பிற்சேர்க்கை, 2022 மார்ச்

பின்னூட்டத்தில் மூன்று விஷயம் வந்தது.

ஜன்னலே இல்லாத அறை இருக்கிறது, அயனைசர் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். ஹெபா வடிகட்டி உள்ள இயந்திரம் வையுங்கள். அறையின் கன மீற்றரை ஐந்தால் பெருக்கி வருவதுதான் மணித்தியாலத்துக்குத் தேவைப்படும் சுத்தக் காற்று. 180 கன மீற்றர் அறைக்கு 900. கடையில் கிடைக்கும் சின்ன இயந்திரங்கள் பல 300ஐத் தாண்டாது, மூன்று வேண்டும். அந்தக் காசுக்கு அறையைக் களஞ்சியம் ஆக்கிவிடலாம். ஹெபா வைத்தாலும் மீட்டர் எண் இறங்காது, பயப்பட வேண்டாம். அது துகளை வடிக்கும், வாயுவை வடிக்காது.

ஊரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து அப்படியே காலை எட்டு மணி வகுப்புக்கு வருகிறார்கள் என்று இன்னொருவர். உண்மை. நாங்கள் நாலு நாள் சுற்றை வியாழனில் தொடங்குகிறோம். திங்கள் இரவுக்குள் கொழும்பு வந்து சேர வேண்டும். முடிந்தால் ஜன்னல் திறந்த பகல் ரயில்.

மூன்றாவது விஷயம், கரண்ட் கட். ஏசி நின்றால் ஜன்னல் தானாகத் திறக்கிறது, அது நல்லதுதான். ஆனால் முற்றத்தில் ஜெனரேட்டரைப் போட்டிருந்தால் பாருங்கள்: வெளியே தள்ளும் உங்கள் ஃபான், அந்தப் புகையை எதிர்ப்பக்க ஜன்னலால் அறைக்குள் இழுக்கலாம். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவை இந்த மீட்டர் காட்டவே காட்டாது. எண் 700 என்று சாதுவாக நிற்கும், பிள்ளைகளுக்குத் தலையிடிக்கும். ஜெனரேட்டரை ஃபான் இருக்கும் பக்கத்து ஒழுங்கைக்கு மாற்றுங்கள், எந்த ஜன்னலுக்கும் கிட்ட வேண்டாம். மாற்ற இடமில்லை என்றால் கரண்ட் இல்லாத நேரத்து வகுப்பை முற்றத்திலேயே வையுங்கள், ஜெனரேட்டரைப் போடாமல்.