டூலின் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் மாவட்டத்தில் இருக்கும் சிற்றூர் டூலின். பலரும் டப்ளினில் காலையில் பஸ் ஏறி, பக்கத்தில் கடலோரமாகச் செங்குத்தாக நிற்கும் மோஹர் பாறைகளை அவசரமாகப் பார்த்துவிட்டு ராத்திரியே திரும்பிவிடுகிறார்கள். அட்லாண்டிக் மூடுபனி இறங்கிவிட்டால் 214 மீட்டர் உயரப் பாறையும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு ராத்திரியாவது தங்குங்கள். ஜூன் மாதத்தில் பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். பஸ்கள் எல்லாம் கிளம்பிய பிறகு சாயங்கால வெயில் மேற்கு பார்த்த அந்தப் பாறைமுகத்தில் நேராக விழும். அந்த நேரத்துக்காகவே தங்கலாம்.

ஆனால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விளிம்புக்குப் போகாதீர்கள். படத்துக்காக வேலி தாண்டுவதுதான் இங்கே உயிரை வாங்கும் தவறு. அது ஒரே கல்லால் ஆன பாறை இல்லை. மணற்கல்லும் களிப்பாறையும் அடுக்கடுக்காக இருக்கின்றன. அடியில் கடல் அரித்துக்கொண்டே இருப்பதால் சில இடங்களில் மேலே புல்லும் மண்ணும் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். நிற்பவருக்கு அது தரையாகத் தெரியும், கீழே ஒன்றும் இருக்காது. காற்று வேறு திடீரென்று ஆளைத் தள்ளும்.

டூலினிலிருந்து பாறை ஓரமாகவே நடந்து போகலாம் என்று பழைய பயணக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். விபத்துகளுக்குப் பிறகு 2024இல் அந்தப் பாதையின் சில பகுதிகளை மூடினார்கள். கிளம்பும் அன்று எது திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தால் மூடியதுதான். யாராவது ஆபத்தில் இருந்தால் நீங்களே இறங்கப் பார்க்காமல் 112ஐ அழைத்துக் கடலோரக் காவல் படையைக் கேளுங்கள்.

அப்புறம் படகு. ஆரன் தீவுகளில் டூலினுக்கு மிக அருகில் இருப்பது இனிஷியர். வெயில் அடிக்கிறதே என்று நம்பி, கடைசி நாளுக்குப் படகுப் பயணத்தைத் தள்ளாதீர்கள். வானம் தெளிவாக இருந்தாலும் அலை எழும்பினால் படகு போகாது. முதல் நாளுக்கே வைத்துக்கொண்டால், அன்று தவறினாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும். அங்கே 1960இல் புயலில் தரைதட்டிய பிளாஸி கப்பல் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதிலிருந்த 11 பேரையும் தீவுக்காரர்களே கயிறு வீசிக் கரைசேர்த்தார்கள். அதன் முன்னால் நிற்கும்போது இந்தக் கடலின் பலம் புரியும்.

குளிக்க ஆசையா? டூலின் படகுத்துறைப் பக்கம் வேண்டாம். கோடையில் உயிர்காப்பாளர்கள் இருக்கும் ஃபனோர் கடற்கரைக்குப் போங்கள். மழை பிடித்துக்கொண்டால் டூலின் குகைக்குள் போகலாம். 7 மீட்டருக்கு மேல் நீளமான சுண்ணாம்புக் கல்விழுது ஒன்று கூரையிலிருந்து தொங்குகிறது.

கடைசியாக, டூலினுக்குப் பக்கத்திலுள்ள பரன் பாறைவெளி. சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரிந்து கிடக்கும். அங்கே கல்மேல் கல் அடுக்கி விளையாடுவதை அறியாமல்தான் செய்கிறார்கள், ஆனால் என்னால் பொறுக்க முடிவதில்லை. ஒரு கல்லைப் பெயர்த்தாலே அதன் நிழலில் ஒதுங்கியிருந்த பூச்சியும் பாசியும் போய்விடும். கல்லை விட்டுவிட்டு மே மாதத்தில் ஒரு வெடிப்பின் பக்கத்தில் குனிந்து பாருங்கள். உள்ளே ஈரத்தில், வெப்பமான நாடுகளில் வளரும் மென்மையான பெரணி இருக்கும். ஒரு கை தள்ளி, ஆல்ப்ஸ் மலையில் பூக்கும் ஜென்ஷியன், விரல்நகம் அளவுக்கு, அடர்நீலத்தில் பூத்திருக்கும்.