‘பிளடி’ என்று காதில் விழுந்தால்

பிரிட்டனுக்கு வந்த முதல் வாரத்திலேயே இந்தச் சொல் காதில் விழுந்துவிடும். பேருந்து வரவில்லையா, ‘பிளடி பஸ்’. மழை விடவில்லையா, ‘பிளடி வெதர்’. தேநீர் நன்றாக இருந்தாலும் ‘பிளடி லவ்லி’தான். நமக்கு ஊரிலேயே பழகிய சொல் இது. ஆனால் ‘பிளடி ஃபூல்’, ‘பிளடி ராஸ்கல்’ என்று ஆளைத் திட்டத்தான் கேட்டிருக்கிறோம். குழப்பம் அதனால்தான்.

வந்த புதிதில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். நான் அடுக்கிய பெட்டிகளைப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர் ‘பிளடி குட் ஜாப்’ என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. என்ன தப்பு செய்தோம் என்று மதியம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்த யாழ்ப்பாணத்து அண்ணன்தான், “தம்பி, அவர் உம்மைப் பாராட்டினவர்” என்று தெளியவைத்தார். நாம் ‘செம’ என்போமே, அந்த இடத்தில் அவர்களுக்கு இந்தச் சொல். ‘பிளடி ஹெல்’ என்றால் கிட்டத்தட்ட நம் ‘அடக் கடவுளே’.

இதன் பிறப்பைப் பற்றிக் கதைகள் பல. மேரி மாதாவைக் குறிக்கும் ‘பை அவர் லேடி’தான் சுருங்கி இப்படி ஆனது என்று இங்கே பலரும் சொல்வார்கள், மொழி ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. 17ஆம் நூற்றாண்டில் குடித்துவிட்டு ரகளை செய்த மேட்டுக்குடி இளைஞர்களை ‘பிளட்ஸ்’ என்பார்களாம். அவர்களைப் போல் குடித்தவன் ‘பிளடி டிரங்க்’ என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பிற்பாடு அச்சில் முழுதாகப் போடவே கூசும் சொல்லாகிவிட்டது. 1914இல் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மாலியன்’ நாடகம் லண்டனில் மேடையேறியபோது, நாயகி எலைசா ‘நாட் பிளடி லைக்லி’ (‘நடக்கவே நடக்காது’ என்பது போல) என்று சொன்னதே பெரிய பரபரப்பானது. இன்றைக்கு ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் இதை மென்மையான வசைகளில் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறது. ஆனாலும் 2006இல் ஆஸ்திரேலியா தன் சுற்றுலா விளம்பரத்தில் ‘வேர் த பிளடி ஹெல் ஆர் யூ’ என்று கேட்டபோது, பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அதற்கு முதலில் அனுமதி கிடைக்கவில்லை.

சரி, நாம் சொல்லலாமா? முதல் ஓர் ஆண்டு காதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நேர்காணலில், மருத்துவரிடம், பிள்ளையின் ஆசிரியரிடம் வேண்டவே வேண்டாம். வீட்டில் நீங்கள் சொன்னால், பிள்ளை அதைப் பள்ளிக்குக் கொண்டுபோய்விடும். ஊர்ப் பழக்கத்தில் யாரையும் ‘பிளடி ஃபூல்’ என்றுவிடாதீர்கள். இங்கேயும் அது வசைதான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சொல் எதன்மேல் விழுகிறது? மழையின்மேல் என்றால் விட்டுவிடலாம். உங்கள் நிறத்தின்மேல், நாட்டின்மேல், மதத்தின்மேல் விழுந்தால் பொறுத்துப்போகாதீர்கள். வேலையிடம் என்றால் நாள், நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் குறித்துவைத்து மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். தெருவில் என்றால் 101க்கு அழைத்துக் காவல்துறையிடம் சொல்லலாம். அடிக்க வந்தால் உடனே 999.