லேடி மெக்பெத்துக்கு எந்த மந்திரம்? பழைய நாடகங்களில் மாயசக்தி சேர்ப்பது எப்படி

ஹாம்லெட்டுக்கு உண்மையைக் கண்டறியும் மந்திரத்தைக் கொடுத்துப் பாருங்கள். நாடகம் முதல் அங்கத்திலேயே முடிந்துவிடும். சித்தப்பாவின் முகத்தைப் பார்ப்பான், அப்பாவைக் கொன்றவன் யார் என்று தெரிந்துவிடும், வாளை உருவுவான், திரை விழும். பைத்தியக்காரன்போல நடிப்பது, நடிகர்களை வரவழைத்து நாடகத்துக்குள் நாடகம் போடுவது, எதற்கும் வேலை இல்லை.

பழைய நாடகங்களை எடுத்து, பாத்திரங்களின் ஆளுமைக்கு ஏற்ப மாயசக்தியைப் பங்கிட்டு, ரசிகர்கள் புனையும் கதையான ஃபேன்ஃபிக்‌ஷன் எழுதும் விளையாட்டில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். "ஹாம்லெட் யோசிக்கிற ஆள், அதனால் மனதைப் படிக்கும் சக்தி" என்று பட்டியல் போட அஞ்சு நிமிஷம் போதும். அந்தப் பட்டியலை வைத்து ஒரு காட்சி எழுத உட்கார்ந்தால் கதை படுத்துவிடும். நானும் அந்த இடத்தில் நிறைய நாள் நின்றிருக்கிறேன். ஒரு வழியாகப் பிடிபட்ட முறையைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். ஷேக்ஸ்பியர் நாடகங்களையே எடுத்துக்கொள்கிறேன், அவைதான் எனக்குப் பழக்கம்.

படி 1: நாடகத்தைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என் சிபாரிசு மெக்பெத். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் அதுதான் மிகச் சிறியது. சூனியக்காரிகள் ஏற்கெனவே இருந்தாலும் அவர்கள் ஆரூடம் சொல்வதோடு நின்றுகொள்கிறார்கள், உங்கள் வேலையைக் கெடுப்பதில்லை. 'டெம்பெஸ்ட்' பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். அங்கே பிராஸ்பெரோ முழு மந்திரவாதி, ஏரியல் என்ற ஆவி வேறு ஏவலுக்கு நிற்கிறது. அதற்கு மேல் நீங்கள் என்ன சேர்த்தாலும் சாம்பாரில் ரசம் ஊற்றிய கதைதான்.

"இப்படி மாற்றலாமா, பெரிய எழுத்தாளர் ஆயிற்றே" என்று தயங்குகிறவர்களுக்கு: ஷேக்ஸ்பியர் 1616இல் இறந்துபோனார், மூலப் பிரதிகளுக்குக் காப்புரிமைச் சிக்கல் எதுவும் கிடையாது. மாற்றுவதும் புதிதல்ல. 1605இல் அச்சான பழைய லியர் நாடகம் ஒன்றில் அரசனுக்கு நாடு திரும்பக் கிடைக்கிறது. ஷேக்ஸ்பியர் அந்தக் கதையை எடுத்துச் சோகமாக முடித்தார். 1681இல் நேஹம் டேட் என்பவர் அதை மறுபடி மாற்றி, லியரின் கடைசி மகள் கார்டிலியாவைப் பிழைக்க வைத்து, எட்கர் என்ற பிரபு மகனுக்குக் கட்டியும் வைத்தார். ஒன்றரை நூற்றாண்டு மேடையில் ஓடியது இந்தக் கல்யாண லியர்தான். நீங்கள் ஒரு மந்திரம் சேர்ப்பதால் வானம் இடிந்து விழாது.

படி 2: ஒரே பாத்திரத்தின் வசனங்களை மட்டும் பிரித்தெடுங்கள்

முழு நாடகத்தையும் படித்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இப்போது ஒரு பாத்திரம் பேசுவதை மட்டும் தனியாக எடுத்துப் படியுங்கள். அந்தக் காலத்து நடிகர்களுக்கும் முழுப் பிரதி கிடைக்காது. தன் வசனமும், அதற்கு முன்னால் இன்னொருவர் பேசி முடிக்கும் சில சொற்களும்தான் கைக்கு வரும். அப்படிப் படிக்கும்போது ஓர் ஆளின் மனசு வேறு மாதிரி தெரியும்.

இதற்கு 'ஓப்பன் சோர்ஸ் ஷேக்ஸ்பியர்' தளம் அருமை. பாத்திரத்தின் பெயரைத் தட்டினால் வசனங்கள் வரிசையாக வரும். பக்கம் பக்கமாக நிதானமாகப் படிக்க ஃபோல்ஜர் நூலகத்தின் இலவசப் பிரதி நல்லது. ரசிகர்கள் வாக்குப் போட்டு "இவர் இந்த வகை" என்று முடிவுசெய்யும் தளங்களை இந்தக் கட்டத்தில் திறக்கவே திறக்காதீர்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் ஆளுமை வகையைக் குறிக்கும் அந்த நான்கு எழுத்து (ஐஎன்எஃப்பி மாதிரி) மண்டையில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எந்த வசனத்தைப் படித்தாலும் அதற்குச் சாட்சியாகத்தான் தெரியும்.

படி 3: ஆளுமை வகை

எல்லோரும் முதலில் எடுப்பது எம்பிடிஐ என்ற ஆளுமைத் தேர்வு. உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் எழுதியதை அடிப்படையாக வைத்து, கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கிய பதினாறு வகைகள். ஒரே ஆள் கொஞ்ச நாள் கழித்து மறுபடி தேர்வு எழுதினால் வேறு வகை வருகிறது என்பது அதன் மேல் உள்ள பழைய புகார். விளையாட்டுக்கு அது பெரிய குறை இல்லை. என் குறை வேறு. பதினாறு வகைக்குப் பதினாறு மந்திரம் கண்டுபிடிக்க வேண்டும், யாராலும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. ஹாம்லெட் ஐஎன்எஃப்பியா ஐஎன்டிபியா என்ற சண்டையும் தீர்ந்தபாடில்லை.

நான் பயன்படுத்துவது இன்னும் பழைய சரக்கு. உடம்பில் நான்கு நீர்மங்கள் உண்டு, எது மிஞ்சுகிறதோ அதற்கேற்ப குணம் அமையும் என்பது கிரேக்க மருத்துவத்திலிருந்து வந்த நம்பிக்கை. ரத்தம் மிஞ்சினால் உற்சாகி, அதன் பூதம் காற்று. மஞ்சள் பித்தம் மிஞ்சினால் கோபக்காரர், நெருப்பு. கரும்பித்தம் என்றால் சோகமும் யோசனையும், நிலம். கபம் என்றால் நிதானம், நீர். மருத்துவமாக இது எப்போதோ செத்துவிட்டது. ஆனால் ஷேக்ஸ்பியர் காலத்தில் எழுதியவர், நடித்தவர், பார்த்தவர் எல்லோரும் இதை நம்பினார்கள். எனவே நாடகங்களுக்குள்ளேயே இது ஊறிக் கிடக்கிறது. கிளியோபாட்ரா சாகும்போது "நான் நெருப்பும் காற்றும்" என்கிறாள், மற்ற இரண்டையும் உதறிவிடுகிறாள். கருகிய இறைச்சி பித்தத்தைக் கிளப்பும், தொடாதே என்று புது மனைவி கேத்தரினாவின் சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறான் பெட்ரூக்கியோ. அப்பாவின் ஆவி வடிவில் வந்தது சாத்தானாக இருக்குமோ, என் மனச்சோர்வைப் பயன்படுத்தி ஏய்க்கிறதோ என்று ஹாம்லெட்டே சந்தேகப்படுகிறான். தான் கரும்பித்தக்காரன் என்று அவனுக்கே தெரியும்.

குணத்தையும் பூதத்தையும் ஏற்கெனவே முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். நாம் பாதி வேலையோடு ஆரம்பிக்கிறோம்.

இன்னொரு வசதியும் உண்டு. நெருப்பு சூடும் வறட்சியும், காற்று சூடும் ஈரமும், நீர் குளிரும் ஈரமும், நிலம் குளிரும் வறட்சியும். நெருப்புக்கும் நீருக்கும் பொது எதுவும் கிடையாது, காற்றுக்கும் நிலத்துக்கும் அப்படியே. நிலமும் நீரும் குளிரைப் பகிர்ந்துகொள்கின்றன. யாருக்கு யாரோடு ஒத்துப்போகும், எங்கே முட்டும் என்பது இதிலேயே கிடைத்துவிடும்.

படி 4: மந்திரம் முடிச்சை அவிழ்க்கக் கூடாது

இதுதான் இடிக்கிற படி. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரு முடிச்சு இருக்கும். அதை ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். ஹாம்லெட்: "அவனால் நிச்சயப்படுத்திக்கொள்ள முடியவில்லை." ரோமியோ ஜூலியட்: "கடிதம் போய்ச் சேரவில்லை." கொள்ளைநோய் பயத்தில், கடிதம் கொண்டுபோன துறவி ஜானை ஒரு வீட்டுக்குள் அடைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான், இரண்டு உயிர் போகிறது. ரோமியோவுக்கு மனதால் பேசும் சக்தி கொடுத்தால் அந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை.

எனவே கேட்க வேண்டிய கேள்வி "இந்த ஆளுக்கு எந்த சக்தி பொருந்தும்" அல்ல. "எந்த சக்தி கிடைத்தால் இந்த ஆள் இன்னும் மோசமாக மாட்டுவார்" என்பதுதான்.

ஹாம்லெட்டிடம் திரும்புவோம். கரும்பித்தம், நிலம். புதைந்தவர்களின் குரல் அவனுக்குக் கேட்கும் என்று வையுங்கள். மூலமும் இதற்கு இடம் கொடுக்கிறது. ஆவியைக் காவலர்களும் பார்க்கிறார்கள், ஆனால் அது பேசுவது ஹாம்லெட்டிடம் மட்டும். அம்மாவின் அறையில் வரும்போது அவளுக்கு அது தெரிவதே இல்லை. சரி, இந்த சக்தியால் அவனுக்கு நிச்சயம் கிடைக்குமா? கிடைக்காது. செத்துப்போன அரசன், அதாவது அவன் அப்பா, தூங்கும்போது காதில் விஷம் ஊற்றப்பட்டவன். தூங்கியவனுக்குக் கொன்றவன் யார் என்று எப்படித் தெரியும்? செத்தவர்களும் ஊகம்தான் சொல்கிறார்கள் என்று வைத்துவிட்டால், குரல் கேட்கக் கேட்க அவன் குழப்பம் கூடும். ஐந்தாம் அங்கத்தில் இருபத்துமூன்று வருஷம் மண்ணில் கிடந்த அரண்மனைக் கோமாளி யாரிக்கின் மண்டை ஓட்டைக் கையில் எடுக்கும்போது அது மட்டும் வாயே திறக்காமல் இருந்தால் எப்படி இருக்கும், யோசியுங்கள்.

லியர் அரசனுக்கு எல்லோரும் புயல் மந்திரம் கொடுக்கிறார்கள். கோபக்காரர், புயலில் நின்று கத்துகிறார், பொருத்தம்தான். ஆனால் புயல் அவர் சொல்பேச்சுக் கேட்டால் அந்தக் காட்சியில் என்ன இருக்கிறது? முதல் அங்கத்தில் நாட்டைப் பிரிக்கும்போதே புயல் மந்திரத்தையும் இரண்டு மகள்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார் என்று வையுங்கள். இப்போது அவர் கத்துவது, தான் கொடுத்ததே தன்மேல் பெய்கிறது என்பதற்காக.

படி 5: விலை

மந்திரத்துக்கு ஒரு விலை வேண்டும், அந்த விலையை நாடகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு காட்சியே வசூலிக்க வேண்டும். புதிதாகக் காட்சி எழுதி வசூலித்தால் ஒட்டாது.

லேடி மெக்பெத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரசனைக் கொன்ற இரவில் "கொஞ்சம் தண்ணீர் போதும், கழுவினால் போய்விடும்" என்று சொல்கிறவள் அவள். என் கணக்கில் பிறப்பால் அவள் நீர். ஆனால் முதல் அங்கத்திலேயே ஆவிகளைக் கூப்பிட்டு, என் மார்பின் பாலை எடுத்துக்கொண்டு பித்தத்தைத் தாருங்கள் என்று கேட்கிறாள். பித்தம் என்றால் நெருப்பு. குணத்தையே மாற்றிக் கொடு என்று அவள் வாயாலேயே கேட்கும்போது நமக்கு வேறென்ன வேண்டும்? கேட்டது கிடைக்கிறது. விலை: தண்ணீர் இனி அவளிடம் வராது.

வசூல் நடப்பது தூக்கத்தில் நடக்கும் காட்சியில். அங்கே அவள் கையைக் கழுவுவதுபோலத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். அவள் பக்கத்தில் எப்போதும் விளக்கு எரிய வேண்டும், அது அவள் உத்தரவு என்று தாதி மருத்துவரிடம் சொல்கிறாள். இரண்டும் மூலத்தில் அப்படியே இருக்கின்றன. நான் செய்தது இவ்வளவுதான்:

"அரசி கிண்ணத்துக்குள் கையை இறக்கினாள். தண்ணீர் விரல்களை விட்டு ஒதுங்கி விளிம்பில் ஏறி நின்றது. காய்ந்த அடித்தகட்டில் நகங்கள் கீறும் சத்தம் மட்டும் வந்தது. 'விளக்கை ஏன் அணைக்கவில்லை?' என்றார் மருத்துவர். தாதி குரலைத் தாழ்த்தினாள். 'அணைக்கச் சொல்லித்தான் ஐயா உத்தரவு. யார் ஊதினாலும் அணைய மாட்டேன் என்கிறது.'"

கவனித்தீர்களா, உத்தரவைத் திருப்பிப் போட்டுவிட்டேன். இந்த மாதிரி ஒரே ஒரு திருப்பல் போதும். மூன்று நான்கு செய்தால் மூலம் தெரிந்தவருக்குக் கிடைக்கும் சுகம் போய்விடும்.

படி 6: ஒரு காட்சி மட்டும் எழுதுங்கள்

முழு நாடகத்தையும் திருப்பி எழுதக் கிளம்பாதீர்கள். விலை வசூலாகும் காட்சியை முதலில் எழுதுங்கள், அது நின்றால் மற்றதைப் பார்க்கலாம். மந்திர விதிகளை எழுத எக்செல் எல்லாம் வேண்டாம். அட்டவணை போட்டால் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்ற வெறி வந்துவிடும், காவலாளிக்குக்கூட சக்தி கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு பாத்திரத்துக்கு ஒரு சின்ன அட்டை, அதில் மூன்று வரி: பூதம், சக்தி, விலை. நான்காவது வரி எழுதத் தோன்றினால் சக்தி சிக்கலாக இருக்கிறது என்று அர்த்தம்.

ரசிகர் கதைகளை வெளியிடும் ஏஓ3 தளத்தில் போடுவதாக இருந்தால் எச்சரிக்கைக் குறிகளில் 'மேஜர் கேரக்டர் டெத்' என்பதை மறக்காமல் தேர்ந்தெடுங்கள். நானூறு வருஷத்துக்கு முன்பே வெளியான முடிவுதான், இருந்தாலும் முதல்முறையாகப் படிக்க வருகிறவர் இருப்பார்.

பிறகு சேர்த்தது

மெக்பெத்துக்கு என்ன பூதம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். மனிதப் பரிவு என்னும் பால் அவனிடம் கூடுதல் என்று மனைவியே சொல்கிறாள். எனவே அவனும் நீரில்தான் தொடங்குகிறான். அவள் முதலில் நெருப்புக்கு மாறுகிறாள், அவன் பின்னால் போகிறான். கடைசியில் அவள் தண்ணீரைத் தேடித் திரும்பும்போது அவன் திரும்ப முடியாத தூரத்தில் இருக்கிறான், பயத்தின் சுவையே மறந்துபோயிற்று என்கிறான். அவளுக்கும் அவனுக்கும் இரண்டு தனி மந்திரம் தேடாதீர்கள். ஒரே மந்திரம், இரண்டு வேகம்.

இன்னொரு பின்னூட்டம்: நகைச்சுவை நாடகத்தில் இந்த முறை வேலை செய்யவில்லையாம். நியாயம்தான். அங்கே விலை வசூலானால் சிரிப்பு போய்விடும். 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தின் வயோலாவுக்கு உருமாறும் சக்தி கொடுத்தால், ஆண் வேஷம் எப்போது கலையும் என்ற பதற்றமே இல்லாமல் போகும், அதையும் செய்யாதீர்கள். நகைச்சுவையில் சக்தியைத் தவறான ஆளிடம் கொடுத்துவிடுங்கள். வேஷம் போட்டிருப்பது வயோலா, உருமாறும் சக்தி அவள் இரட்டைச் சகோதரன் செபாஸ்டியனுக்கு. தனக்கு அது இருப்பது அவனுக்கே தெரியாது. வேஷத்தில் இருக்கும் வயோலாவை ஆண் என்று நம்பிக் காதலிக்கிறவள் ஒலிவியா. முன்பின் பார்த்திராத அவள் ஏன் தன்னைக் கல்யாணத்துக்கு இழுத்துப் போகிறாள் என்று புரியாமலே தலையாட்டிவிட்டு, அடுத்த காட்சியில் அவன் கண்ணாடியைப் பார்க்கட்டும்.