கார்ப்பெட்டைப் பிரிக்காமல் தரையின் கிரீச் சத்தத்தை நிறுத்துவது எப்படி?

கனடா, அமெரிக்க மரவீடுகளில் கார்ப்பெட்டுக்கு அடியில் பிளைவுட், அதைத் தாங்க மர உத்தரங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓட ஓட மரம் காய்ந்து சுருங்கும், ஆணியின் பிடி தளரும். மிதிக்கும்போது பிளைவுட் இறங்கி ஏறி ஆணியில் உரசுவதுதான் பெரும்பாலும் அந்தச் சத்தம்.

பேஸ்மென்ட் கூரை மூடப்படாமல் இருந்தால் கீழிருந்து சரிசெய்வதே நல்லது. மேலே ஒருவரை நடக்கவிட்டு, உத்தரத்துக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே இடைவெளி தெரியும் இடத்தில் மரப்பசை தடவிய மெல்லிய ஆப்பைக் கையால் தள்ளுங்கள். சுத்தியலால் அடித்தால் பலகை தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே புதுச் சத்தம் கிளம்பும்.

கீழே வழியில்லையா? கழுத்தில் வெட்டுக்கோடு போட்ட, முறியும் திருகாணி செட் வாங்குங்கள். சாதாரணத் திருகாணியின் தலை கார்ப்பெட்டை அமுக்கிக் குழியாக்கிவிடும்.

உத்தரங்கள் வழக்கமாக 16 அங்குல இடைவெளியில் இருக்கும். அகலம் ஒன்றரை அங்குலம்தான். செட்டில் உள்ள சோதனைத் திருகாணியை இறக்கிப் பாருங்கள். பிளைவுட்டைத் தாண்டியதும் இறுக்கம் சட்டென்று விட்டால் உத்தரம் தப்பிவிட்டது என்று அர்த்தம். கிடைத்ததும் கார்ப்பெட்டின் நூலிழைகளை விலக்கி, செட்டில் வரும் சிறு முக்காலியை (திருகாணி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று கட்டுப்படுத்தும் கருவி) வைத்து, அது தடுக்கும்வரை திருகாணியை ஓட்டுங்கள். பிறகு முக்காலியின் பள்ளத்தில் தலையைக் கவ்வி இடவலமாக ஆட்டினால் பிளைவுட் மட்டத்துக்குக் கீழே முறியும். மிதித்துப் பாருங்கள், இன்னும் கத்தினால் அதே உத்தரத்தில் 6 அங்குலம் தள்ளி இன்னொன்று.

நூல் வெட்டப்படாமல் வளையமாகவே இருக்கும் கார்ப்பெட்டில் இதைச் செய்யும்முன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள்: ஓரிழை திருகாணியில் சுற்றினால் வரிசையே உருவிக்கொண்டு வரும். தரைக்குள் வெந்நீர்க் குழாய் ஓடும் வீட்டில் மேலிருந்து திருகவே கூடாது.